மெக்னீசியம் பாகங்களுக்குப் பூச்சு: அரிப்புக்கு ஒன்று, தேய்மானத்துக்கு ஒன்று

அலுமினியத்துக்கு அனோடைசிங் (மின்சாரம் பாய்ச்சி மேலே ஆக்சைடு படலம் வளர்க்கும் முறை) செய்து பழகிய பட்டறைக்கு ஒரு மெக்னீசியம் பாகம் வந்தால், அதே கந்தக அமிலத் தொட்டியில் இறக்கிப் பார்க்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். இறக்கினால் பூச்சு வராது, பாகம் கரையும். 15 முதல் 20 சதவீதக் கந்தக அமிலத்தில் அலுமினியம் தன் மேல் ஆக்சைடை வளர்த்துக்கொள்ளும். மெக்னீசியம் அங்கே ஹைட்ரஜனை நுரைத்துத் தள்ளிக்கொண்டு கரைந்துபோகும். காரத்தில் நிலைமை தலைகீழ். அலுமினியத்தைத் தின்றுவிடும் காஸ்டிக் சோடா கரைசலில் மெக்னீசியம் ஒன்றும் ஆகாமல் கிடக்கும். இந்த ஒரு வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால், கீழே வரப்போகும் பாதி வேதியியல் தானாகவே புரியும்: மெக்னீசியத்துக்கு அமிலம் பகை, காரம் நட்பு.

இவ்வளவு தொல்லை பிடித்த உலோகத்தைக் கட்டிக்கொண்டு ஏன் மாரடிக்க வேண்டும்? எடைதான் காரணம். ஒரு கன சென்டிமீட்டர் மெக்னீசியம் 1.74 கிராம். அலுமினியம் 2.70, இரும்பு 7.87. ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் கூடு, காரின் ஸ்டீயரிங் சக்கரத்துக்குள் இருக்கும் எலும்புக்கூடு, லேப்டாப் மூடி, கேமரா உடல் என்று எடை காசாக மாறும் இடங்களில் எல்லாம் இது இருக்கிறது. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் எஞ்சின் கேஸும் கியர்பாக்ஸ் கூடும் மெக்னீசிய வார்ப்புகள்தான். ஒரு காருக்கு ஏறக்குறைய 20 கிலோ. அந்த எஞ்சின் காற்றால் குளிர்வது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். உள்ளே தண்ணீர் ஓடவில்லை.

அரிப்பு எப்படி நடக்கிறது

மெக்னீசியத்தின் திட்ட மின்முனை அழுத்தம் மைனஸ் 2.37 வோல்ட் (இந்த எண் கீழே போகப் போக உலோகம் எளிதில் கரையும்). கட்டுமானத்துக்குப் பயன்படும் உலோகங்களில் இதற்குக் கீழே எதுவும் இல்லை. அதனால் வேறு எந்த உலோகத்தோடு ஈரத்தில் சேர்ந்து நின்றாலும் கரையப்போவது மெக்னீசியம்தான். எஃகுக் குழாய்களையும் வாட்டர் ஹீட்டர் தொட்டிகளையும் காப்பாற்ற இதையே பலிகொடுக்கும் ஆனோடாக, அதாவது கரைந்துபோகும் முனையாக, பொருத்துகிறார்கள். அங்கே வரமாக இருக்கும் குணம் இங்கே சாபம்.

காற்றில் இதன் மேல் ஆக்சைடு படலம் வராமல் இல்லை. ஆனால் உருவாகும் ஆக்சைடின் கன அளவு, அதற்காகச் செலவான உலோகத்தின் கன அளவில் 0.81 பங்குதான். அடியில் உள்ள பரப்பை மூட அது போதாது, இழுபட்டுப் பிளவுபடும். அலுமினியத்தில் இந்த விகிதம் 1.28. அங்கே படலம் நெருக்கியடித்து உட்காருகிறது. ஈரம் பட்டதும் மெக்னீசிய ஆக்சைடு ஹைட்ராக்சைடாக மாறும். அந்த ஹைட்ராக்சைடு பிஎச் ஏறத்தாழ 11-க்கு மேல்தான் நிலைத்து நிற்கும். மழைநீர், வியர்வை, கடற்காற்றின் ஈரம் எல்லாமே அதற்குக் கீழே. போதாக்குறைக்கு உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைக் கரையும் பொருளாக மாற்றிவிடும்.

இன்னொரு விஷயத்தைப் பூச்சுப் போடுபவர் மறக்கவே கூடாது. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். மெக்னீசியத்துக்கு அது தேவையில்லை. தண்ணீரையே பிளந்து ஹைட்ரஜனை வெளியேற்றிக்கொண்டு கரையும். பெயின்டில் ஓர் ஊசித்துளை இருந்து, அதன் வழியாக ஈரம் உள்ளே போனால், அடியில் வாயு உருவாகிப் பெயின்டைத் தூக்கும். கூடவே உருவாகும் காரம் பெயின்டின் பிடிப்பை அறுக்கும். அதனால்தான் மெக்னீசியத்தில் பெயின்ட் வட்டக் கொப்புளங்களாகக் கிளம்புகிறது.

கலவையின் தூய்மைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. இரும்பு, நிக்கல், செம்பு மூன்றும் மெக்னீசியத்துக்குள் நுண்துகள்களாக உட்கார்ந்து, ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கேத்தோடாக, அதாவது தான் கரையாமல் பக்கத்து மெக்னீசியத்தைக் கரைக்கும் முனையாக, வேலை செய்யும். மிகப் பரவலாக வார்க்கப்படும் ஏஇசட்91டி கலவையில் (9 சதவீதம் அலுமினியம், 1 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் துத்தநாகம்) இரும்பு 0.005, நிக்கல் 0.002, செம்பு 0.03 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1980-களில் இந்தத் தூய வகை வந்த பிறகுதான், வெற்று மெக்னீசிய வார்ப்பு உப்புத்தூவல் சோதனையில் (உப்புநீரைப் பனிபோலத் தூவிப் பார்க்கும் அரிப்புச் சோதனை) 380 வகை அலுமினிய வார்ப்புக்கு ஈடுகொடுத்து நின்றது. நிக்கல் அதிகமான மலிவுக் கலவையை வாங்கிவிட்டுப் பூச்சால் சரிக்கட்டப் பார்ப்பது வீண் வேலை. உருக்குக்கூடத்தின் பகுப்பாய்வுச் சான்றிதழை முதலில் கேளுங்கள்.

அரிப்பும் தேய்மானமும் ஒரே பூச்சைக் கேட்பதில்லை

அரிப்பைத் தடுக்கும் பூச்சு துளையில்லாமல் இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தாலும் பரவாயில்லை. தேய்மானத்தைத் தாங்கும் பூச்சு தடிமனாகவும் கடினமாகவும் இருக்க வேண்டும். சில துளைகள் இருந்தால் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது நல்லதுதான். ஒரே பூச்சிடம் இரண்டையும் முழுதாகக் கேட்டால் இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைக்கும். தடிமன் கூடக் கூடத் துளைகளும் விரிசல்களும் பெருகும் என்பதே இதற்குக் காரணம். எனவே ஒரு பாகத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் பரப்பு நனைகிறது, எந்தப் பரப்பு உரசுகிறது என்பது. பல பாகங்களில் இரண்டும் வேறு வேறு இடங்கள். கியர்பாக்ஸ் கூட்டின் வெளிப்புறம் நனையும், பேரிங் உட்காரும் குழி உரசும். அந்தக் குழிக்குள் எஃகு வளையம் ஒன்றை இறுக்கிச் செருகிவிட்டால், பூச்சின் தலையில் அந்தச் சுமை விழாது.

இன்னொரு வரம்பு: மெக்னீசியம் மென்மையானது. ஏஇசட்91-இன் கடினம் 70 விக்கர்ஸ் (கடினத்தை அளக்கும் அலகு) பக்கம்தான். அதன் மேல் பல நூறு விக்கர்ஸ் கடினமுள்ள பீங்கான் படலத்தை வளர்த்துவிட்டு ஒரே புள்ளியில் அழுத்தினால், மெத்தை மேல் வைத்த அப்பளத்தின் கதைதான். அடி உலோகம் அமுங்கும், மேல் படலம் உடையும். பரப்பு முழுவதும் பரவிய சறுக்கல் உரசலுக்கு இந்தப் பூச்சுகள் சரிவரும். உருளை, குண்டு, கூர்முனை அழுத்தும் இடத்துக்குச் சரிவராது.

பெயின்டுக்கு அடித்தளம்: மாற்றுப் பூச்சு

மெக்னீசியத்துக்குப் போடும் பூச்சுகளில் மலிவானது வேதிக் கரைசலில் நனைத்து எடுக்கும் மாற்றுப் பூச்சு. மின்சாரம் வேண்டாம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். தடிமன் ஒரு மைக்ரானுக்கும் கீழிருந்து சில மைக்ரான் வரை. இதன் வேலை பெயின்ட் பிடித்து நிற்க ஓர் அடித்தளம் கொடுப்பது. தனியாக விட்டால் உப்புத்தூவலில் நீண்ட நேரம் தாங்காது. உரசலுக்கு இதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

பல பத்தாண்டுகளாகச் சோடியம் டைகுரோமேட்டும் நைட்ரிக் அமிலமும் கலந்த கரைசல்தான் ராஜா. பொன்னிறத்தில் மினுங்கும் படலம் வரும். சிறு கீறல் விழுந்தாலும் படலத்தில் மிச்சமிருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் கரைந்து வந்து காயத்தை ஆற்றும். அதே குரோமியம்தான் புற்றுநோயும் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு தனி அனுமதியில்லாமல் குரோமிக் அமிலத்தையும் டைகுரோமேட்டையும் பயன்படுத்த முடியாது. இடத்தைப் பிடிக்க மூன்று இணைதிறன் குரோமியம், பாஸ்பேட்-பெர்மாங்கனேட், சிர்கோனியம் ஃபுளோரைடு, சீரியம் உப்பு எனப் பல வந்துள்ளன. எதுவும் பழையதைப் போலத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் அளவுக்கு வரவில்லை. கரைசலில் அதிக நேரம் விட்டால் படலம் தடித்து, காய்ந்ததும் ஏரி வண்டல்போல வெடிக்கும். இங்கே நேரத்தை நீட்டுவது லாபமல்ல.

பிளாஸ்மா மின்பகுளி ஆக்சிஜனேற்றம்

இன்றைக்கு மெக்னீசியத்துக்கு அதிகம் பேசப்படும் முறை இதுதான். தொழிலில் சுருக்கமாகப் பிஇஓ என்பார்கள். நுண்வில் ஆக்சிஜனேற்றம் என்பதும் இதுவே. டாக்னைட், கெரோனைட் போன்ற வணிகப் பெயர்களில் கிடைப்பவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நீரில் மூழ்கிய உலோகத்தில் மின்பொறி பறப்பதை 1880-லேயே ரஷ்யாவில் ஸ்லுகினோவ் கவனித்துவிட்டார். 1930-களில் ஜெர்மனியில் குந்தர்ஷுல்ஸேயும் பெட்ஸும் அதை விரிவாக ஆராய்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் வந்த எச்ஏஇ, டௌ 17 என்ற மெக்னீசிய அனோடைசிங் முறைகளும் பொறி பறக்கும் எல்லையைத் தொட்டவைதான். முதலாவது பழுப்புப் படலம், இரண்டாவது பச்சைப் படலம். டௌ 17-இல் குரோமியம் உண்டு; அதனால் அதுவும் பின்வாங்கிவருகிறது.

வேலை நடக்கும் விதம் இது. பாகத்தைக் காரக் கரைசலில் இறக்கி, நேர்முனையோடு இணைத்து, மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். முதலில் ஒரு மெல்லிய தடைப்படலம் வளரும். பளபளப்பு மங்கும், குமிழிகள் வரும். கரைசலைப் பொறுத்து 150 முதல் 250 வோல்ட்டுக்குள் படலம் மின்னழுத்தத்தைத் தாங்காமல் உடையும். பாகம் முழுவதும் ஊசிமுனை அளவு வெள்ளைப் பொறிகள் மின்னத் தொடங்கும். ஒவ்வொரு பொறிக்குள்ளும் வெப்பம் ஆயிரக்கணக்கான டிகிரி. ஆயுள் ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு. அங்கே உலோகம் உருகி, ஆக்சிஜனோடும் கரைசலில் உள்ள சிலிக்கேட்டோடும் சேர்ந்து, சுற்றியுள்ள குளிர்ந்த நீரால் உடனே உறையும். இப்படி லட்சக்கணக்கான பொறிகள் இடம் மாறி மாறி வெடித்துப் பீங்கான் படலத்தைக் கட்டுகின்றன. கிடைப்பது மெக்னீசிய ஆக்சைடும் மெக்னீசிய சிலிக்கேட்டும் கலந்த, 300 முதல் 600 விக்கர்ஸ் வரை கடினமுள்ள படலம்.

தொடக்கநிலைக்கு ஏற்ற ஒரு கரைசல்: லிட்டருக்குச் சோடியம் சிலிக்கேட் 10 முதல் 15 கிராம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 3 முதல் 5 கிராம், பொட்டாசியம் ஃபுளோரைடு 5 முதல் 8 கிராம். பிஎச் 12-க்கு மேல் நிற்க வேண்டும். தண்ணீர் கட்டாயம் டிஐ வாட்டர் (அயனிகள் நீக்கிய நீர்). போர்வெல் தண்ணீரில் உள்ள குளோரைடு பொறி கிளம்புவதற்கு முன்பே பாகத்தைக் குழிகுழியாக அரித்துவிடும். மின்னழுத்தம் எவ்வளவு ஏற்றினாலும் ஏறாது. தொட்டிக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபையரில் ஆம்பியர் முள் எகிறிக்கொண்டு வோல்ட் முள் நகராமல் நின்றால் முதல் சந்தேகம் குளோரைடு மேல், இரண்டாவது சந்தேகம் பாகத்தைப் பிடித்துத் தொங்கவிடும் ரேக் மேல் வர வேண்டும். செம்பு, பித்தளை, எஃகுக் கிளிப் எதுவும் கரைசலுக்குள் முங்கக் கூடாது. அவற்றின் மேல் தடைப்படலம் வளராததால் மின்சாரம் முழுவதும் அந்த வழியாக ஓடிவிடும். ரேக்கை அலுமினியத்திலோ மெக்னீசியத்திலோ செய்யுங்கள். எதிர்முனைக்குத் துருப்பிடிக்கா எஃகுத் தகடு போதும்.

மின்சாரக் கணக்கைப் பார்த்துவிடுவோம், பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 10 சதுர டெசிமீட்டர் பரப்புள்ள பாகம், சதுர டெசிமீட்டருக்கு 5 ஆம்பியர், முடிவில் 400 வோல்ட் என்றால் 50 ஆம்பியர் × 400 வோல்ட் = 20 கிலோவாட். ஏறக்குறைய இது முழுவதும் வெப்பமாகிக் கரைசலுக்குள்ளேயே போகும். தொட்டியில் 200 லிட்டர் இருந்தால், குளிரூட்டல் இல்லாமல் 10 நிமிடத்தில் 14 டிகிரி ஏறும். 22 டிகிரியில் தொடங்கியது 36-இல் முடியும். 30 டிகிரிக்கு மேல் போகவிடக் கூடாது. சூட்டில் படலம் கரைவது கூடும், பொறிகள் ஓரிடத்தில் குவியும், நிறம் திட்டுத்திட்டாக வரும். எனவே ரெக்டிஃபையர் வாங்கும்போதே அதே கிலோவாட்டுக்குக் கரைசலைக் குளிர்விக்கும் சில்லரும் வாங்க வேண்டும். அடியிலிருந்து காற்றோ பம்போ வைத்துக் கரைசலைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

தடிமன் தோராயமாக நிமிடத்துக்கு ஒரு மைக்ரான் வளரும். பெயின்டுக்கு அடியில் போடுவதென்றால் 5 முதல் 10 மைக்ரானில் நிறுத்துங்கள். உரசலுக்கு 20 முதல் 40. எப்போது நிறுத்துவது என்பதைப் பொறியே சொல்லும். வெள்ளையாகச் சிறிதாக இருந்த பொறிகள் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, எண்ணிக்கை குறைந்து உருவம் பெருக்கும். மெல்லிய இரைச்சல் 'டப் டப்' என்ற தனித்தனி வெடிப்பாக மாறும். அதற்கு மேல் ஓட்டினால் பெரிய பொறி ஒவ்வொன்றும் ஒரு எரிமலை வாயைப் போட்டுவிட்டுப் போகும். தடிமன் மீட்டரில் எண் அழகாக ஏறும், ஆனால் அரிப்பைத் தாங்கும் சக்தி இறங்கும். துடிப்பு மின்சாரம், அதாவது விட்டுவிட்டுப் பாயும் மின்சாரம், பொறிகளைச் சிறிதாக வைத்திருக்க உதவும். நேர் மின்சாரம் மட்டும் தரும் பழைய ரெக்டிஃபையரில் 40 மைக்ரான் கேட்பது பேராசை.

முன்தயாரிப்பு சுருக்கமாக இப்படி இருக்கும்:

1. டை காஸ்டிங்கில் வரும் ரிலீஸ் ஏஜென்ட் (வார்ப்பு அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவுவது), எண்ணெய் போக, லிட்டருக்கு 40 முதல் 60 கிராம் காஸ்டிக் சோடாவும் 10 கிராம் டிரைசோடியம் பாஸ்பேட்டும் கலந்த கரைசலில் 60-70 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம். பிறகு கழுவல்.
2. நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். வார்ப்புத் தோலும் மேற்பரப்பு இரும்பும் போக வேண்டும்; பரிமாணம் போகக் கூடாது. உடனே இரண்டு முறை டிஐ வாட்டரில் கழுவல்.
3. காய விடாமல் நேராகப் பிஇஓ தொட்டிக்கு.
4. முடிந்ததும் கழுவி, துளைகளில் தங்கிய காரம் போக வெந்நீரில் ஊறவிட்டு, 100 டிகிரி அளவில் அடுப்பில் உலர்த்தல்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு படிதான் அதிக சேதம் செய்கிறது. வார்ப்பைச் சுத்தம் செய்ய எஃகுக் குண்டு போட்டு ஷாட் பிளாஸ்டிங் செய்துவிடுவார்கள், அல்லது எஃகுக் கம்பிப் பிரஷால் தேய்ப்பார்கள். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். மேற்பரப்பில் குத்தி உட்கார்ந்த இரும்புத் துகள்கள் மெக்னீசியத்தின் அரிப்பைப் பல மடங்கு கூட்டும். பிளாஸ்டிங் வேண்டுமென்றால் அலுமினா மணலோ கண்ணாடி மணியோதான். எஃகு பட்டுவிட்டது என்று தெரிந்தால் அமிலத்தில் 25 முதல் 50 மைக்ரான் வரை மேல்தோலை எடுத்துவிட வேண்டும்.

கூர்மையான விளிம்புகளில் பூச்சு எப்போதும் பலவீனம். படலம் பரப்புக்குச் செங்குத்தாக வளர்வதால், கூர்முனையில் இரண்டு பக்கப் படலங்களுக்கு நடுவே ஒரு பிளவு விழும். விளிம்புக்குக் குறைந்தது 0.5 மில்லிமீட்டர், முடிந்தால் 1 மில்லிமீட்டர் ஆரம் கொடுங்கள். மரையில் இன்னொரு கணக்கு உண்டு. படலத்தின் ஒரு பகுதி உள்நோக்கியும் ஒரு பகுதி வெளிநோக்கியும் வளர்கிறது. 60 டிகிரி மரையில், வெளிநோக்கிய வளர்ச்சி 10 மைக்ரான் என்றால் பிட்ச் விட்டம் (மரையின் நடுவிட்டம்) 40 மைக்ரான் மாறும். போல்ட் ஏறாமல் இறுகுவதற்குக் காரணம் இதுதான். மரைத் துளைகளை ரப்பர் அடைப்பான் போட்டு மூடிவிட்டுப் பூசுவது நல்லது.

துளையை மூடாத பிஇஓ பாதி வேலைதான்

பிஇஓ படலத்தை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் அடியில் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடைப்படலம், அதன் மேல் ஓரளவு அடர்ந்த பகுதி, எல்லாவற்றுக்கும் மேலே பொறிகள் விட்டுச்சென்ற துளைகள் நிறைந்த பகுதி என்று தெரியும். உண்மையில் அரிப்பைத் தடுப்பது அந்த அடியில் உள்ள மெல்லிய படலம். உப்புத் தண்ணீர் துளைகள் வழியாக ஊறி ஊறி ஒருநாள் அதைத் தொடும். ஆகவே உப்புக் காற்று படும் பாகமென்றால் துளைகளை அடைத்தே ஆக வேண்டும். சூடான சிலிக்கேட் கரைசல், சோல்-ஜெல், எபாக்சி, மின்படிவு பெயின்ட், பவுடர் கோட்டிங் எல்லாம் பயன்பாட்டில் உள்ளன. பெயின்டுக்கு இந்தத் துளைகள் வேர்பிடிக்கும் இடம். பிஇஓ மேல் எபாக்சி ஒட்டுவதுபோல வெற்று மெக்னீசியத்தில் ஒட்டாது.

உரசல் பாகத்தில் வேறு பிரச்சினை. எஃகுக்கு எதிராக உலர்ந்து உரசும்போது பிஇஓ படலத்தின் உராய்வுக் குணகம் 0.6-0.8 வரை போகும். படலம் தேயாது, எதிரே உரசும் எஃகைத் தேய்க்கும். மேலுள்ள துளைப் பகுதியை மெல்லிய எமரித் தாளால் நீக்கிவிட்டு, டெஃப்லான் துகளோ மாலிப்டினம் டைசல்பைடோ துளைகளில் ஊறவைத்தால் நிலைமை மாறும். திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையைத் தாங்கும் பாகமென்றால் பிஇஓ அதன் களைப்பு வலிமையைக் குறைக்கும் என்பதையும் வடிவமைப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். படலத்தின் விரிசல் அடி உலோகத்துக்கும் இறங்கும்.

பவுடர் கோட்டிங்கில் தொழிற்கூடங்களில் அடிக்கடி கேட்கும் புகார், அடுப்பிலிருந்து வெளியே வரும்போது மேற்பரப்பில் பொக்குகள். வார்ப்புக்குள் அடைபட்ட காற்று சூட்டில் வெளியேறுவதுதான் காரணம். பவுடர் அடிப்பதற்கு முன், பவுடர் இறுகும் வெப்பநிலையைவிட 10-20 டிகிரி கூடுதலாகப் பாகத்தைச் சூடாக்கிக் காற்றை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் பெரும்பாலும் தீரும். துளை மிகுந்த வார்ப்பை வெற்றிடத்தில் பிசின் ஊற்றி அடைப்பதும் உண்டு.

நிக்கல் பூச்சு: ஆசைப்படும் முன் யோசிக்க வேண்டியது

மின்சாரமில்லா நிக்கல் பூச்சு (வேதிவினையாலேயே கரைசலிலிருந்து படிவது) பளபளப்பானது, மின்கடத்தும், 500 விக்கர்ஸ் வரை கடினமானது. மின்னணுக் கருவிகளின் கூட்டுக்கு மின்கடத்தும் பரப்பு வேண்டும் என்றால் இதைத்தான் கேட்பார்கள். சிக்கல் என்னவென்றால் நிக்கல் கேத்தோடு, மெக்னீசியம் ஆனோடு. பூச்சில் ஓர் ஊசித்துளை இருந்தால், பாகம் முழுவதும் விரிந்த நிக்கல் பரப்பின் பசிக்கு அந்த ஊசிமுனை அளவு மெக்னீசியம் இரையாகும். பூச்சே இல்லாமல் விட்டிருந்தால் மெதுவாகப் பரவலாக அரித்திருக்கும். இப்போது ஒரே இடத்தில் ஆழமாகத் துளைக்கும். இதனால் 25 மைக்ரானுக்குக் குறைவான நிக்கலை ஈரமான இடத்தில் நம்ப முடியாது. பீங்கான் பூச்சில் துளை இருந்தாலும் இந்த ஆபத்து இல்லை, பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது.

வழக்கமான நிக்கல் கரைசல் அமிலத்தன்மை கொண்டது. வெற்று மெக்னீசியத்தை அதில் இறக்கினால் கரையும். எனவே முதலில் துத்தநாகப் படலம் போட வேண்டும். பாஸ்பாரிக் அமிலத்தில் அம்மோனியம் பைஃபுளோரைடு கலந்த கரைசலில் 15 நொடி முதல் 2 நிமிடம் வரை செயலூட்டி, லிட்டருக்குத் துத்தநாக சல்பேட் 30 கிராம், சோடியம் பைரோபாஸ்பேட் 120 கிராம், சோடியம் கார்பனேட் 5 கிராம், ஃபுளோரைடு உப்பு 3 முதல் 5 கிராம் சேர்ந்த கரைசலில், பிஎச் 10.2-10.4, 80 டிகிரியில் 3 முதல் 10 நிமிடம். அதன் மேல் சயனைடு செம்பு, பிறகு நிக்கல். துத்தநாகம் திட்டுத்திட்டாகப் படிந்தால் நிக்கல் உரியும். அலுமினியம் மிகுந்த கலவைகளில் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் கலவைக்குள் இருக்கும் அலுமினியம் செறிந்த பகுதிகள் வேறு மாதிரி கரைகின்றன. இன்னொன்று, நிக்கலின் கடினத்தைக் கூட்ட 400 டிகிரியில் சுடும் வழக்கம் எஃகுக்குச் சரி. மெக்னீசிய வார்ப்பு அந்தச் சூட்டில் தன் வலிமையையும் வடிவத்தையும் இழக்கும்.

ஃபுளோரைடு, சயனைடு இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை. அமிலத்தில் ஃபுளோரைடு சேர்ந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உருவாகும். தோலில் பட்டால் வலி தாமதமாகத்தான் தெரியும், அதற்குள் எலும்பு வரை போகும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். சயனைடு தொட்டியும் அமிலத் தொட்டியும் ஒரே கழிவுக் குழாயில் சேரக் கூடாது. பிஇஓ தொட்டியில் இந்த விஷங்கள் குறைவு, ஆனால் திறந்த தொட்டியில் 400 வோல்ட் நிற்கிறது. மூடி திறந்தால் மின்சாரம் தானாக அறுபடும் இன்டர்லாக் இல்லாமல் ஓட்டக் கூடாது. மேலே ஹைட்ரஜனை இழுக்கும் விசிறியும் வேண்டும். மெக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலர்ந்த மணல் அல்லது உலோகத் தீக்கான டி வகைப் பொடி.

போல்ட்டில் தோற்கும் பூச்சு

சோதனைத் தகட்டில் ஆயிரம் மணி நேரம் தாங்கிய பூச்சு வண்டியில் ஒரே மழைக்காலத்தில் வெள்ளைப் பொடியாகக் கொட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம், பாகத்தைப் பிடித்திருக்கும் எஃகு போல்ட். போல்ட்டை முடுக்கும்போதே அதன் தலை பூச்சை உடைத்துவிடும். எஃகும் மெக்னீசியமும் நேருக்கு நேர். இதற்கு நல்ல வைத்தியம் 5052 அல்லது 6061 அலுமினிய வாஷர். மெக்னீசியத்தோடு சண்டை குறைவு. வாஷர் போல்ட் தலையைவிடச் சில மில்லிமீட்டர் அகலமாக இருந்தால், ஈரத்தின் வழியாக மின்சாரம் பாய வேண்டிய தூரம் கூடும். போல்ட் துருப்பிடிக்கா எஃகாக இருக்கக் கூடாது. அது துருப்பிடிக்காது என்பது போல்ட்டுக்கு மட்டும்தான் லாபம்; மெக்னீசியத்துக்குச் சாதாரண எஃகைப் போலவே பகை. துத்தநாகம் பூசி அதன் மேல் பெயின்ட் அடித்த போல்ட் இதைவிட நல்லது.

பெயின்ட் அடிக்கும்போது மெக்னீசியத்தை மட்டும் பூசிவிட்டு எஃகை வெறுமனே விடுவதும் வழக்கமான பிழை. பெரிய கேத்தோடு, கீறல் அளவில் சிறிய ஆனோடு என்று ஆகிவிடும். ஒன்றை மட்டும்தான் பூச முடியும் என்றால் எஃகைப் பூசுங்கள். தண்ணீர் தேங்கும் குழிகளுக்கு அடியில் வடிகால் துளை வைப்பது, எந்தப் பூச்சையும்விட மலிவு.

சோதனையும் பழுதும்

தடிமனைச் சுழல் மின்னோட்ட மீட்டரால் அளக்கலாம். அலுமினியத் தகட்டில் வைத்துப் பூஜ்யம் போட்டுவிட்டு மெக்னீசியத்தை அளந்தால் எண் தப்பாக வரும், இரண்டின் மின்கடத்துத்திறனும் வேறு. பூசாத அதே கலவைத் துண்டு ஒன்றைப் பத்திரமாக வைத்து, அதில் பூஜ்யம் போடுங்கள்.

உப்புத்தூவல் சோதனை, அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்-இன் பி117 விதிப்படி, 5 சதவீத உப்பு, 35 டிகிரி, பிஎச் 6.5 முதல் 7.2. இரண்டு பூச்சுகளை ஒப்பிட இது உதவும். இத்தனை மணி நேரம் என்றால் இத்தனை ஆண்டு என்று கணக்குப் போட உதவாது. வெளியில் நனைந்து காய்ந்து காற்றின் கார்பன் டைஆக்சைடோடு சேரும்போது மெக்னீசியத்தின் மேல் கார்பனேட் படலம் வரும். இடைவிடாமல் நனையும் பெட்டிக்குள் அதற்கு வாய்ப்பில்லை. பூச்சில் கத்தியால் உலோகம் வரை ஒரு பெருக்கல் குறி கீறியும், உண்மையான போல்ட்டை உண்மையான முறுக்கு விசையில் முடுக்கியும் உள்ளே வையுங்கள். கீறலிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் பெயின்ட் தூக்கியது, வாஷரைச் சுற்றி எவ்வளவு ஆழம் குழிந்தது என்ற இரண்டு அளவுகள், மொத்த மணி நேரத்தைவிட அதிகம் சொல்லும்.

ரேக் பிடித்த இடத்தில் எப்போதும் ஒரு வெற்றுப் புள்ளி மிஞ்சும். அது எங்கே விழ வேண்டும் என்று வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டறைக்காரர் தனக்கு வசதியான இடத்தில், பெரும்பாலும் ஈரம் தேங்கும் விளிம்பில், பிடித்துவிடுவார். அந்தப் புள்ளியையும் பின்னால் விழும் கீறலையும் சரிசெய்ய, வெள்ளைப் பொடி முழுவதும் போகும்வரை அலுமினாத் தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பிரஷால் தடவும் மாற்றுப் பூச்சைப் போட்டு, காய்ந்ததும் எபாக்சி பிரைமர் இரண்டு கை அடிக்க வேண்டும். தேய்த்ததற்கும் பூசியதற்கும் இடையில் ஒரு ஷிஃப்ட் போய்விட்டால் மறுபடியும் தேய்ப்பிலிருந்தே தொடங்குங்கள்.